நாலாவது வழிப்போக்கர்

('சாருலதா' படத்தின் முதல் ஏழு நிமிஷம்: ஒரு பாடம்)



சினிமாவைப் பற்றிப் பேசாமல் நமக்கு ஒரு நாள் போகாது. பஸ்ஸில் பேசுகிறோம், சாப்பாட்டு மணியில் பேசுகிறோம், சில பேர் கணக்கு வகுப்பில்கூடப் பேசுகிறோம் (யார் என்று எழுத மாட்டேன்). ஆனால் பேசுவதெல்லாம் கதை, பாட்டு, சண்டை, காமெடி இவ்வளவுதான். "அந்த ஷாட்ல கேமரா ஏன்டா அங்க போய் நின்னுச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுவதற்காகத்தான் இந்தத் தாள்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட படம் சத்யஜித் ரே இயக்கிய 'சாருலதா'. வங்காளிப் படம், கறுப்பு வெள்ளை, 1964-இல் வந்தது. நம் திரைப்பட மன்றத்தில் இதைத் திரையிட்டார்கள். அன்று வராதவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம். முழுப் படத்தையும் சொல்லப் போவதில்லை. முதல் ஏழு நிமிஷம் மட்டும்தான். படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதில் ஏழு நிமிஷம் என்பது ஒரு துளி. ஆனால் முழுப் படத்தின் விதையும் அந்தத் துளியில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்த ஏழு நிமிஷத்தில் வசனம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான்.

முதலில் சில விவரங்கள்

கதை: ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் எழுதிய 'நஷ்டநீர்'. தமிழில் 'சிதைந்த கூடு'.
சாருவாக நடித்தவர்: மாதவி முகர்ஜி.
அவள் கணவர் பூபதியாக நடித்தவர்: சைலேன் முகர்ஜி.
ஒளிப்பதிவு: சுப்ரதா மித்ரா.
கலை இயக்கம்: பன்சி சந்திரகுப்தா.
திரைக்கதை, இசை, இயக்கம்: சத்யஜித் ரே.
பரிசு: 1965-இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி.

ரே சினிமாவுக்கு வருமுன் சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர், பிறகு கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஷாட்டையும் நோட்டில் படமாக வரைந்து வைத்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்குப் போவார். ஆகவே அவர் படத்தில் ஒரு பொருள் இருக்கிற இடத்தில் தற்செயலாக இருப்பது அபூர்வம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்ன நடக்கிறது?

1879, 1880 வாக்கில் கல்கத்தாவில் நடக்கிற கதை. பூபதி பணக்காரர். சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர். சொந்தப் பணத்தைப் போட்டு ஆங்கிலத்தில் ஓர் அரசியல் பத்திரிகை நடத்துகிறார். அச்சகமும் அலுவலகமும் வீட்டிலேயே. அவர் மனைவி சாரு. குழந்தை இல்லை. வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

பெயர்கள் ஓடும்போது திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. கைக்குட்டையில் பூத்தையல் போடும் கைகள். தைப்பது 'பி' என்ற ஆங்கில எழுத்து. கடிகாரம் மணி அடிக்கிறது. கணவருக்குத் தேநீர் கொண்டுபோகும்படி வேலைக்காரரிடம் சாரு சொல்கிறாள். அதுதான் அந்த ஒரே வசனம்.

பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புத்தக அலமாரிக்குப் போகிறாள். 'பங்கிம்' என்ற பெயரை ராகம் போட்டு முணுமுணுத்தபடி தேடுகிறாள். (நாம் 'வந்தே மாதரம்' பாடலால் அறிந்த அதே பங்கிம் சந்திரர்தான். அந்தக் காலத்து வங்காளத்தில் எல்லாரும் விரும்பிப் படித்த நாவலாசிரியர்.) புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறாள். அதற்குள் தெருவில் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய் ஜன்னலில் பார்க்கிறாள். குரங்காட்டி. சரியாகத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பிப்போய் கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலர் ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறாள். குரங்காட்டியைப் பார்க்கிறாள். பல்லக்குத் தூக்கிகள் போகிறார்கள், அவர்களையும் பார்க்கிறாள். குடை பிடித்துக்கொண்டு ஒரு பருத்த மனிதர் நடந்து போகிறார். அவர் ஒரு ஜன்னலைக் கடந்ததும் இவள் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள், அப்புறம் அதற்கடுத்த ஜன்னலுக்கு. அவர் மறைந்தே போகிறார். அதோடு விளையாட்டும் முடிந்தது.

வீட்டுக்குள் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. பூபதி வருகிறார். உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தோடு வெளியே வருகிறார். நடந்துகொண்டே படிக்கிறார். சாரு பக்கத்திலேயே நிற்கிறாள். அவளைக் கடந்து போகிறார். பார்க்கவில்லை. சாரு பைனாகுலரைத் தூக்கி, போகிற கணவரைப் பார்க்கிறாள். அவர் மறைந்ததும் கை தாழ்கிறது. கேமரா சட்டென்று பின்வாங்குகிறது.

அவ்வளவுதான். ஏழு நிமிஷம் முடிந்தது. "இதுல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்காக இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கைகள்: குளோசப்

படம் ஏன் முகத்தில் தொடங்கவில்லை? நம்ம ஊர்ப் படமாக இருந்தால் கதாநாயகி திரும்பிப் பார்ப்பாள், தலைமுடி பறக்கும். இங்கே ஊசியும் நூலும் விரலும்தான். ஆள் யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே அவள் நேரத்தை எப்படிக் கழிக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பூத்தையல் அவசர வேலை இல்லை. பொறுமையும் பொழுதும் நிறைய வேண்டும். அவளிடம் இரண்டும் இருக்கின்றன.

'பி' என்பது பூபதியின் முதல் எழுத்து. அவள் தைப்பது கணவர் பெயரை. அவர் வீட்டிலேயேதான் இருக்கிறார், இரண்டு மூன்று அறை தள்ளி. ஆனால் அவள் கையில் இருப்பது ஒரு எழுத்து மட்டும். பின்னால் அந்தக் கைக்குட்டை அவர் கைக்குப் போகும்போது, இதற்கெல்லாம் உனக்கு எங்கே நேரம் கிடைக்கிறது என்று ஆச்சரியப்படுகிறார். மனுஷன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறார். முதல் ஷாட் நினைவில் இருப்பவர்களுக்கு அங்கே தொண்டை அடைக்கும்.

2. வீடு: கலை இயக்கம்

இந்த வீட்டின் உட்புறம் பெரும்பாலும் ஸ்டுடியோவில் போட்ட செட். பன்சி சந்திரகுப்தா அமைத்தது. பூப்போட்ட சுவர்த்தாள், வேலைப்பாடுள்ள பெரிய கட்டில், கனமான மேஜை நாற்காலிகள், பியானோ, கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகங்கள். சட்டத்துக்குள் காலி இடமே இல்லை. எங்கே கேமராவைத் திருப்பினாலும் ஒரு பொருள். ஆட்கள்தான் இல்லை.

இதைத்தான் காட்சி வடிவமைப்பு என்கிறார்கள். 'இவள் தனியாக இருக்கிறாள்' என்று காட்ட வெறும் அறையில் உட்கார வைப்பது சுலபமான வழி. ரே எல்லாப் பொருளையும் நிரப்பிவிட்டு நடுவில் ஓர் ஆளை விடுகிறார். பொருள் கூடக் கூட அவள் தனிமையும் கூடுகிறது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கடந்து போகிறாள். புத்தகத்தை எடுக்கிறாள், வைக்கிறாள். பியானோ மூடியைத் திறக்கிறாள். எதிலும் மனசு நிற்கவில்லை.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். சுப்ரதா மித்ரா ஒளிப்பதிவில் ஒரு புது வழி கண்டவர். 1956-இல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை நேராக ஆட்கள்மேல் அடிக்காமல் துணிமேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மேகமூட்ட நாளின் வெளிச்சம் மாதிரி மெத்தென்று பரவியது. செட் என்றே தெரியவில்லை. சாருலதாவிலும் பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்தது மாதிரியே இருக்கிறது. வெளியே பகல், உள்ளே கொஞ்சம் மங்கல். இந்த வித்தியாசமே அவள் ஏன் ஜன்னல் பக்கம் போகிறாள் என்று சொல்லிவிடுகிறது.

3. ஜன்னல்: பார்க்கலாம், போக முடியாது

அந்த ஜன்னல் கதவுகளில் பலகைச் சட்டங்கள் படுக்கைவசத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. கையால் தூக்கினால் சட்டங்கள் சாய்ந்து இடுக்கு விடும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். அழகுக்காக மட்டும் வைத்த ஜன்னல் இல்லை இது. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் வீட்டின் உட்பகுதியிலேயே இருக்க வேண்டும், தெருவில் இறங்கி நடப்பது வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை ஒரு தச்சர் மரத்தில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்த ஜன்னல்.

ரே இதை வாயால் விளக்கவே இல்லை. சாரு சட்டத்தைத் தூக்குகிறாள், இடுக்கில் தெரு தெரிகிறது. நமக்கும் அதே இடுக்கில்தான் தெரிகிறது. கேமரா ஒருமுறைகூடத் தெருவில் இறங்கிக் குரங்காட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. போயிருந்தால் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் சாருவால் போக முடியாத இடத்துக்கு நாம் போயிருப்போம். அவளை வீட்டுக்குள் தனியாக விட்டுவிட்டுப் போனதாக ஆகியிருக்கும். ஆகவே கேமராவும் அவளோடு உள்ளேயே அடைபட்டிருக்கிறது. 'கேமரா எங்கே நிற்கிறது' என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் நல்ல பதில் இதுதான்.

அவள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடும்போது கேமராவும் அவளோடு நகர்கிறது. குடைக்காரர் வெளியே ஒரே சீராக நடக்கிறார். அவருக்கு அவசரம் இல்லை, தான் பார்க்கப்படுவதே தெரியாது. உள்ளே இவள் மூச்சு வாங்க ஓடுகிறாள். வெளியே தெரு ஒரே நீளமாக இருக்கிறது. உள்ளே அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, ஜன்னலுக்கு ஒரு துண்டு. பார்த்தால் சிரிப்பு வரும். சாருவே சிறுபிள்ளை மாதிரி குறும்பாகத்தான் ஓடுகிறாள். ரே அழவைக்கப் பார்க்கவில்லை. அதனால்தான் பிறகு வருவது உறைக்கிறது.

எங்கள் ஆச்சியை இங்கே சொல்ல வேண்டும். முழங்கால் வலி வந்தபிறகு ஆச்சி வாசலுக்கு வருவது குறைந்துபோயிற்று. ஜன்னல் கம்பி பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பாள். தெருவில் யார் எத்தனை மணிக்குப் போனார்கள், யார் புதுச் செருப்பு, எந்த வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தது எல்லாம் தெரியும். "ஆச்சிக்கு வேற வேலை இல்ல" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இந்தப் படம் பார்த்தபிறகு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். வேறு வேலை இல்லை. அதுதானே விஷயமே?

4. சத்தம்: காதுக்கும் ஒரு கேமரா உண்டு

இந்த ஏழு நிமிஷத்தில் சத்தம் இரண்டு வகை. வெளிச் சத்தம்: உடுக்கை, பல்லக்குத் தூக்கிகளின் பாட்டு. உள் சத்தம்: கடிகார மணி, பூட்ஸ். வெளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஓடுகிறாள். ஒவ்வொரு சத்தமும் அவளை வா என்று கூப்பிடுகிற மாதிரி. அவளுக்கு முன்னால் நம் காதுதான் ஜன்னலுக்குப் போகிறது. பிறகுதான் கேமரா போகிறது.

பூட்ஸ் சத்தம் வரும்போது அவள் நிற்கிறாள். நாமும் நினைக்கிறோம்: சரி, இப்போது யாரோ வருகிறார்கள், பேசுவார்கள். அந்த எதிர்பார்ப்பு ரே வேண்டுமென்றே நமக்குக் கொடுத்தது.

5. பைனாகுலர்: பொருளே வசனம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

அவள் கையில் இருப்பது வேட்டைக்கோ போருக்கோ கொண்டுபோகும் பைனாகுலர் இல்லை. நாடக அரங்கில் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேடையைப் பார்ப்பதற்காகச் செய்த வகை. (அறிவியல் மாணவர்களுக்கு: சாதாரண நாடகக் கண்ணாடிகள் கலிலியோ முறையில் செய்தவை. முன்னால் குவிலென்ஸ், கண்பக்கம் குழிலென்ஸ். இரண்டு மூன்று மடங்குதான் பெரிதாக்கும்.) அதாவது பார்ப்பவர் ஒரு பக்கம், நடப்பவர் இன்னொரு பக்கம், நடுவில் தாண்ட முடியாத இடைவெளி என்று இருக்கிற இடத்தில் பயன்படுகிற பொருள். சாருவுக்குத் தெரு ஒரு மேடை. குரங்காட்டி, பல்லக்கு, குடைக்காரர் எல்லாரும் அதில் வந்து போகிறார்கள். அவள் பார்வையாளர். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு ஷாட் உண்டு. கேமரா வராந்தாக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஒட்டியே நகரும். நடை வேகத்தில் பைனாகுலர் கையில் ஆடிக்கொண்டே வரும். அவள் முகம் அந்த நேரத்தில் முக்கியம் இல்லை, பொருள்தான் முக்கியம். 'இதைப் பார்த்து வைத்துக்கொள், இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்' என்று இயக்குநர் நம் காதில் சொல்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் பூபதி வருகிறார். அவர் எப்படி வருகிறார் என்று குடைக்காரரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடைக்காரர் நடந்து வருகிறார். பூபதியும் நடந்து வருகிறார்.
குடைக்காரருக்குத் தான் பார்க்கப்படுவது தெரியாது. பூபதிக்கும் தெரியாது.
குடைக்காரர் தன் வழியே போய் மறைகிறார். பூபதியும் தன் வழியே போய் மறைகிறார்.
குடைக்காரரைச் சாரு பைனாகுலரில் பார்த்தாள். பூபதியையும் அதே பைனாகுலரில் பார்க்கிறாள்.

குரங்காட்டி ஒன்று, பல்லக்கு இரண்டு, குடைக்காரர் மூன்று, கணவர் நான்கு. இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு அங்கேதான் கிடைத்தது.

முதல் மூவரும் தொலைவில் இருந்தார்கள், ஆகவே கண்ணாடி தேவைப்பட்டது. நாலாவது ஆள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போனவர். அவருக்கு எதற்குப் பைனாகுலர்? பதிலை வசனமாக எழுதியிருந்தால், "நீங்க பக்கத்துலயே இருந்தும் எனக்கு ரொம்ப தூரமா இருக்கீங்க" என்று ஒரு வரி வந்திருக்கும். கேட்டுவிட்டு மறந்திருப்போம். அவள் கண்ணாடியைத் தூக்குவதை மறக்க முடியவில்லை.

6. பின்வாங்கும் கேமரா: ஜூம்

கடைசி ஷாட். கணவர் மறைந்ததும் பைனாகுலர் பிடித்த கை மெல்லத் தாழ்கிறது. உடனே ஜூம் பின்னால் இழுக்கிறது. பக்கத்தில் இருந்த சாரு ஒரு நொடியில் சின்ன உருவமாகி, சுற்றியிருக்கிற வீடு பெரிதாகிவிடுகிறது.

டிராலிக்கும் ஜூமுக்கும் என்ன வித்தியாசம் என்று சில பேர் கேட்டார்கள். டிராலி என்றால் கேமராவே சக்கரத்தில் நகரும். நாம் நடந்து போகிற மாதிரி. ஜூம் என்றால் கேமரா இருந்த இடத்திலேயே இருக்கும், லென்ஸின் குவியத் தொலைவு மட்டும் மாறும். நாம் நகரவில்லை, ஆனால் பார்க்கப்படுவது கிட்ட வரும் அல்லது எட்டப் போகும்.

இப்போது யோசியுங்கள். பைனாகுலரும் அதே வேலையைத்தானே செய்கிறது? நாம் நகராமலேயே தூரத்தைக் கிட்டக் கொண்டுவருகிறது. சாரு கண்ணாடியைக் கண்ணில் வைத்தபோது கணவர் கிட்டே வந்தார். எடுத்ததும் தூரமாகிப் போனார். அவள் கை தாழ்கிற அதே நேரம் கேமராவும் தன் 'கண்ணாடியைக் கீழே இறக்குகிறது'. அவளுக்குக் கணவர் தூரமானது போல நமக்கு அவள் தூரமாகிறாள். இதுவரை அவள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த நாமும் அவளை விட்டுவிட்டோம். அவள் மனசுக்குள் ஏற்பட்டதை நம் கண்ணுக்குள் ஏற்படுத்திவிட்டார் ரே. சும்மா ஸ்டைலுக்காகப் போட்ட ஜூம் இல்லை அது.

7. கதையும் காட்சியும்

தாகூரின் கதையிலும் இதே செய்தி தொடக்கத்திலேயே வருகிறது. பூபதிக்குப் பத்திரிகை மீது பைத்தியம், மனைவி வளர்ந்து பெரியவளானதை அவர் கவனிக்கவே இல்லை என்று தாகூர் கொஞ்சம் கேலியாகவே சொல்லிவிடுகிறார். எழுத்தாளருக்கு அந்த வசதி உண்டு. 'கவனிக்கவில்லை' என்று எழுதலாம்.

கேமராவுக்கு அந்த வசதி இல்லை. 'கவனிக்கவில்லை' என்பதைப் படம் எடுக்க முடியுமா? இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் புத்தகம், பூட்ஸ், வராந்தா, பைனாகுலர் எல்லாம் தேவைப்பட்டன. நாடகத்தின் சாயலும் இலக்கியத்தின் சாயலும் இல்லாமல், கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் பேசுகிற மொழியில் இந்தக் காட்சியைச் செய்து பார்த்ததாக ரே பிற்பாடு எழுதியிருக்கிறார். தமிழய்யா இரண்டாம் தாளில் 'கதையை உரையாடலாக மாற்றுக' என்று கேட்பார் அல்லவா? இது 'கதையைக் காட்சியாக மாற்றுக'. பத்து மதிப்பெண்ணுக்கு நூறு கொடுக்கலாம்.

8. நண்பர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்

படம் முடிந்ததும் விவாதம் நடந்தது. அதில் வந்த இரண்டு கேள்விகளை மட்டும் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: "ரொம்ப ஸ்லோவா இருக்கே?" உண்மைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஏழு நிமிஷத்தில் அவள் தைக்கிறாள், ஆளைக் கூப்பிடுகிறாள், புத்தகம் எடுக்கிறாள், ஓடுகிறாள், திரும்புகிறாள், மறுபடி ஓடுகிறாள், பியானோ திறக்கிறாள். சும்மா நிற்கிற நேரமே குறைவு. மெதுவாகத் தெரிவது படம் இல்லை, அவளுடைய மத்தியானம். நமக்கு ஏழு நிமிஷம் நீளமாக இருந்தால் அவளுக்கு ஒரு வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று புரியட்டும் என்பதுதான் திட்டம்.

இரண்டாவது கேள்வியைப் பின் பெஞ்சில் இருந்து ஒருவன் கேட்டான்: "அவர் நல்லவர்தான? அடிக்கல, திட்டல, குடிக்கல. அப்புறம் என்ன பிரச்சினை?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதுதான் நல்ல கேள்வி. பூபதி நல்லவர். மனைவி மேல் பிரியம் உள்ளவர். படம் முழுக்க நல்லவராகவே இருக்கிறார். அவர் கையில் இருந்தது புத்தகம், அவ்வளவுதான். அவர் கெட்டவராக இருந்தால் நாம் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். நல்லவராக இருப்பதால் நமக்கு வேறு வழி இல்லை, நம் வீட்டைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கையில் புத்தகத்துக்குப் பதிலாக செல்போன் இருக்கிறது. அம்மா தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள். நாம் நிமிர்ந்து பார்க்கிறோமா? யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பார்க்க வேண்டும். ஒன்று மட்டும்: இந்த இடைவெளி கடைசியிலும் திரும்பி வருகிறது. அப்போது பைனாகுலர் இல்லை, இரண்டு கைகள். கவனியுங்கள். நடுவில் தோட்டத்தில் ஊஞ்சல் காட்சி ஒன்று வரும். அங்கேயும் அந்தப் பைனாகுலர் வரும். யாரைப் பார்க்கிறாள், எதைப் பார்த்ததும் முகம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்ப்போம்

கேமரா இல்லாமலே பழகலாம்.

1. ஒரு நோட்டுத் தாளைக் குழாய் மாதிரி சுருட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ப்ரேம். இடைவேளையில் மாடி வராந்தாவில் நின்று, விளையாட்டு மைதானத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் இரண்டு நிமிஷம் குழாய் வழியாகத் தொடருங்கள். அந்த ஆளின் நடையை வைத்து அவர் மனநிலையை மூன்று வரியில் எழுதுங்கள். பெயர் எழுதக் கூடாது.

2. 'அவனுக்குப் பசி' என்பதை வசனமும் சாப்பாடும் இல்லாமல் ஐந்து ஷாட்டில் காட்ட வேண்டும். கட்டம் போட்டு வரையுங்கள். படம் வராதவர்கள் குச்சி மனிதன் போட்டாலும் போதும். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்.

3. உங்கள் வீட்டில் அதிக நேரம் ஜன்னல் அல்லது வாசல் பக்கம் உட்காருபவர் யார்? அவர் உட்காரும் இடத்தில் பத்து நிமிஷம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று பட்டியல் போடுங்கள். பிறகு அவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, விட்டுப்போனது என்னவென்று கேளுங்கள்.

மூன்றாவது பயிற்சியை நான் செய்துவிட்டேன். என் பட்டியலில் ஒன்பது இருந்தது. ஆச்சி இன்னும் பதினாலு சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

விடைகளை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நூலக மேஜையில் உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்கள். நல்ல விடைகள் அடுத்த தாளில் வரும். தாளின் ஓரத்தில் ஜன்னல் சட்டத்தை நான் வரைந்திருக்கிறேன், ஓவிய ஆசிரியர் கோடுகளை நேராக்கிக் கொடுத்தார். அவருக்கு நன்றி. தயவுசெய்து அதன்மேல் மீசை வரையாதீர்கள்.

— பதினொன்றாம் வகுப்பு, திரைப்பட மன்றத்துக்காக